நிறம் பார்க்காதவருக்கு நிறம் விளங்குமா?

கேள்வி: டீச்சர், என்னோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் தோழி பிறவியிலேயே பார்வை இல்லாதவள். போன மாதம் இரண்டு பேரும் சாரிக்கடைக்குப் போனோம். நான் கையில் எடுத்த சாரியின் நிறத்தைக் கேட்டுவிட்டு, "கடும் பச்சை என்றால் மெரூன் பிளவுஸ் எடுப்பாக இருக்கும்" என்றாள். வீட்டில் சொன்னேன். "யாரோ சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறாள், அவளுக்கு என்ன விளங்கும்?" என்கிறார் அண்ணா. என் மனம் ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள், உங்கள் தோழி விளங்கித்தான் சொல்கிறாள். அண்ணாவிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சங்கீத ஆசிரியர் இருக்கிறார். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பழக்கடையில் அவர் இதரை வாழைப்பழம் வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சீப்பைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பழத்தின் காம்பையும் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு, "காம்புப் பக்கம் இன்னும் பச்சை இருக்கிறதா தம்பி?" என்று கேட்பார். "இருக்குது ஐயா." "அப்ப வெள்ளி வரைக்கும் கிடக்கும், கட்டித் தாரும்." பச்சை எதற்கு அடையாளம், அது எப்போது மாறும், மாறினால் பழம் என்னவாகும் எல்லாம் அவருக்குத் தெரியும். காசு கொடுக்கும்போதும் அப்படித்தான். நூறு ரூபாய்த் தாள் செம்மஞ்சள், ஐந்நூறு ஊதா, ஆயிரம் பச்சை என்பது அவருக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் அவசரத்தில் மாறிக் கொடுத்துவிடாமல் இருக்கத்தான் இப்படி வேறு வேறு நிறம் என்பதும் தெரியும். இதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று யாராவது சொல்வார்களா?

இதை ஆராய்ச்சியாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மரீனா பெட்னியின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பிறவியிலேயே பார்வையற்றவர்களிடமும் பார்வையுள்ளவர்களிடமும் கற்பனைத் தீவொன்றைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே யாரும் கேள்விப்படாத ஓர் இரத்தினக்கல், ஒரு நாணயம், ஒரு வாகனம் என்று பல பொருள்கள். ஒரே வகையில் இரண்டை எடுத்தால் இரண்டும் ஒரே நிறமாக இருக்குமா என்று கேட்டார்கள். பார்வையற்றவர்களும் மற்றவர்களைப் போலவே பதில் சொன்னார்கள். கல் என்றால் ஒரே நிறமாகத்தான் இருக்கும், வாகனத்துக்கு அப்படி இல்லை, வாங்குகிறவருடைய விருப்பம். அந்தத் தீவின் பொருள்களைப் பற்றி அவர்களுக்கு முன்பே யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வழியில்லை. அப்படியென்றால் அது மனப்பாடம் இல்லை, யோசனை.

துருவக் கரடிக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு, வெயிலின் சூட்டை இழுத்துக்கொள்ள வேண்டுமே, கறுப்பாக இருக்கும் என்று காரணம் சொன்னவர்களும் அவர்களில் உண்டு. பதில் பிழைதான். ஆனால் எவ்வளவு நல்ல பிழை! என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். (அந்த வெள்ளை ரோமத்துக்குக் கீழே துருவக் கரடியின் தோல் கறுப்பு. அது வேறு கதை.)

உங்கள் அண்ணாவிடம் ஒன்று கேளுங்கள். தேனீக்களுக்குப் புற ஊதா ஒளி தெரியும், நமக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தார், சோதனையில் எழுதினார், இன்றைக்கும் வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுகிறார். அந்த ஒளியை ஒரு நாளாவது பார்த்திருக்கிறாரா?

சரி, எல்லாமே விளங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மொலினியூக்ஸ் என்பவர் தத்துவவாதி ஜோன் லொக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். மொலினியூக்ஸின் மனைவி கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பார்வையை இழந்தவர். உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பழகிய, பிறவியில் பார்வையற்ற ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எது என்று சொல்வாரா? 2011இல்தான் இதற்கு நல்ல சோதனை வந்தது. இந்தியாவில் சத்திரசிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையான ஐந்து பிள்ளைகளை ஆராய்ச்சியாளர் பவன் சின்ஹாவும் கூட்டாளிகளும் சோதித்தார்கள். கட்டு அவிழ்த்த புதிதில் அவர்களால் சொல்ல முடியவில்லை. சில நாள் கழித்துச் சிலரை மறுபடி சோதித்தபோது நன்றாகவே சொன்னார்கள். ஆக, கண்ணுக்குள் பச்சை எப்படித் தெரிகிறது என்ற அந்த ஒன்று உங்கள் தோழிக்குக் கிடைக்காது. மற்றதெல்லாம் கேட்டும் யோசித்தும் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த மெரூன் பிளவுஸை வாங்குங்கள் மகள்.

கேள்வி: நான் தொண்ணூறுகளில் பிறந்தவன். 83 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில், கொழும்பு பாமன்கடையில் இருந்த எங்கள் வீட்டை எரித்தார்கள். அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். அதைப் பற்றிக் கேட்டால், "நீ அங்கே இருந்தாயா? உனக்கு விளங்காது" என்று கதையை முடித்துவிடுவார். அவர் சொல்வது சரியா?
- வாசகர், தெஹிவளை

பதில்: பாதி சரி தம்பி. அன்றைக்கு அந்தப் பையனின் நெஞ்சு பட்ட பாடு உங்களுக்கு வராது. எனக்கும் வராது. நான் அப்போது மட்டக்களப்பில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மாமியார் சொன்னது. அவர்கள் இரத்மலானை விமான நிலைய முகாமில் இருந்துவிட்டு, லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில், "மாமி, பயந்துபோனீர்களா?" என்று கேட்டேன். "பின்னே?" என்றார், அவ்வளவுதான். கன காலத்துக்குப் பிறகு ஒரு நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, "அன்றைக்கு என்ன சமையல்?" என்று கேட்டேன். மாமி அகப்பையைக் கீழே வைத்தார். பருப்பு அடுப்பில் இருந்ததாம். தெருமுனையில் சத்தம் கேட்டதும் பின்மதிலால் பக்கத்துச் சிங்கள வீட்டுக்குப் போகச் சொல்லி எல்லோரும் அவசரப்படுத்தினார்களாம். மாமி திரும்பி ஓடிப்போய், பருப்பை இறக்கி வைத்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தாராம். வீட்டில் ஆள் இல்லாத நேரம் தீப்பிடித்துவிடுமே என்று. அரை மணித்தியாலத்துக்குள் அந்த வீட்டைத் தான் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொன்னார்.

அதற்கு முன்பு நான் படித்திருந்தேன். கலவரம் ஜூலை 24 இரவு கொழும்பில் பொரளையில் தொடங்கியது, தமிழர் வீடுகளைத் தேடி வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தது எல்லாம் தெரியும். படித்திருந்தது நல்லது, மாமி அதையெல்லாம் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நீங்களும் முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் அப்பாவிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வாசலால் வெளியே போனீர்கள், காலில் செருப்பு இருந்ததா, பள்ளிக்கூடப் புத்தகம் என்ன ஆனது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் வேறொன்றைக் கேளுங்கள்.