முளையைத் தட்டினால் பிரியும் வீடு

கேள்வி: மான்செஸ்டரில் மகன் என்னை அழைத்துச் சென்ற ‘ஓல்டு வெலிங்டன்’ என்ற மதுக்கூடம், கறுத்த மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகச் சற்றே கோணலாக நின்றது. அதைப் பிரித்து இடம் மாற்றினார்களாம். வீட்டைப் பிரிக்க முடியுமா?
– வாசகி, திருவையாறு

பதில்: முடியும். 1552இல் கட்டப்பட்டு, 1830இல் மதுக்கூட உரிமம் பெற்ற அக்கட்டடம், 1996 குண்டுவெடிப்புக்குப்பின் நகரின் அப்பகுதியைத் திருத்தியமைத்தபோது பேராலயத்தின் அருகே பெயர்த்து நிறுத்தப்பட்டது. இடைக்கால மரபில் வந்த இத்தகைய வீடுகளில் பாரம் தாங்குவது சுவரன்று, ஓக் மரச்சட்டகமே; பச்சை மரத்திலேயே துளையும் அதில் நுழையும் கழுந்தும் செதுக்கி மரமுளை அடித்து இறுக்கியிருப்பதால், முளையைத் தட்டி எடுத்தால் சட்டங்கள் தனித்தனியே வந்துவிடும். எது எதனோடு சேரும் என்று தச்சர்கள் மூட்டுகளில் கீறிவைத்த ரோமானிய எண்களைப் பல வீடுகளில் இன்றும் காணலாம். பச்சை மரம் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்வதே கோணலுக்குப் பெரும்பாலும் காரணம். (குடித்தவர் கண்ணுக்குத் தெரியும் கோணல் வேறு கணக்கு.) சட்டங்களின் இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பினார்கள், மூங்கில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவரைக் காவிரிக் கரையில் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது புதிதன்று. அந்தக் கறுப்புப் பூச்சு மட்டும் பிற்காலத்துப் பாணி. பழைய வீடுகள் பலவற்றில் ஓக் தானாக வெளிறிச் சாம்பல் நிறத்திலேயே விடப்பட்டிருந்தது.