டாங்கி மாதிரிக்கு எந்தக் கன்ட்ரோலர்?

கேள்வி: 1/16 அளவு ரேடியோ டாங்கியின் இரண்டு 380 அளவு மோட்டார்களுக்கு எப்படிப்பட்ட கன்ட்ரோலர் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), எஞ்சின் ஒலி எழுப்பும் ஒலிப் பலகை வாங்கலாம்? – வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஓடும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், டாங்கி தரைவிரிப்பின் மேல் நின்ற இடத்திலேயே திரும்பும்போது பட்டைகள் பக்கவாட்டில் உராய்ந்து மோட்டாரை ஏறத்தாழ நிறுத்திவிடுவதால், அப்போது எகிறும் மின்னோட்டத்தைத் தாங்கும் கன்ட்ரோலரே தேவை. பக்கத்துக்கு ஒன்றாக, ரிவர்ஸ் வசதியுள்ள பிரஷ்டு வகையை (கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்களுக்கானது) வாங்குங்கள். இரண்டையும் ஒரே ரிசீவரில் (ரேடியோ சிக்னலைப் பெறும் கருவி) இணைக்கும்போது, இரண்டும் ஒரே நேரத்தில் அதற்கு மின்சாரம் தராதபடி, ஒன்றிலிருந்து ரிசீவருக்குச் செல்லும் இணைப்பிலுள்ள சிவப்புக் கம்பியைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

ஒலிப் பலகை கன்ட்ரோலரோடு சேராமல் தனியாக இருப்பதே என் விருப்பம். ஒன்று பழுதானாலும் மற்றது பிழைக்கும். பெங்களூருவின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஸ்பீக்கர் வாங்கும்முன் ஓம் (மின்தடை) அளவைப் பாருங்கள்: 8 ஓம் கேட்கும் பலகையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் கருகக்கூடும்.