கமராவில் ஒன்றும் இல்லை என்றால் வயிற்றிலும் ஒன்றும் இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, 15 வருடமாகச் சீனி வருத்தம். ஆறு மாதமாக நாலு வாய் சோறு சாப்பிட்டதும் வயிறு முட்டிவிடுகிறது. சில நாள் விடியச் சத்தி எடுத்தால் முதல் நாள் இரவுச் சாப்பாடு அப்படியே வருகிறது. கமரா விட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். சொந்தக்காரர் 'எல்லாம் யோசனையால் வருவது' என்கிறார்கள், அம்மாவும் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, இது யோசனையால் வருவது என்று இப்போதே முடிவு கட்ட முடியாது, முதலில் அதை அம்மாவிடம் சொல்லுங்கள். கமராவில் தெரிவது புண், கட்டி, அடைப்பு. வாய்க்கால் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, அதில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது வேறு வேலை, வயல் செய்கிற ஊரில் இதற்கு மேல் நான் என்ன விளக்க? நீண்ட காலச் சீனி வருத்தம் இரைப்பையை அசைக்கும் நரம்பைப் பழுதாக்கலாம், அப்போது அடைப்பே இல்லாமல் சாப்பாடு தேங்கி நிற்கும்.

அதைப் பார்க்க ஒரு ஸ்கான் உண்டு. மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கருவும் பாணும் ஜாமும் தந்து, சாப்பிட்ட உடனும் பிறகு 1, 2, 4 மணி நேரத்திலும் படம் எடுப்பார்கள். 4 மணி நேரம் கழித்தும் 10 வீதத்துக்கு மேல் இரைப்பையில் மிச்சம் என்றால் அசைவு மந்தம். இரண்டாவது மணியோடு நிறுத்தினால் சிலருடைய மந்தம் பிடிபடாமல் போய்விடும், அதனால் களைத்தாலும் கடைசிப் படம் வரை இருக்கச் சொல்லுங்கள். அணுமருத்துவப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில்தான் இதைச் செய்வார்கள், கிளினிக்கில் கடிதம் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனையும் உண்டு, அதில் கதிர்வீச்சு இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று காலையில் சீனி 275க்கு மேல் இருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் சரி, ஏனென்றால் சீனி ஏறினாலே இரைப்பை மெதுவாகிவிடும். சத்திக்குத் தரும் டொம்பெரிடோன் இரைப்பையை ஓட வைக்கும், நோவுக்குத் தரும் ட்ரமடோல் இழுத்துப் பிடிக்கும், இரண்டையுமே வழக்கமாக 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாமல், எல்லாக் குளிசையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், இன்சுலின் போடுபவர் என்றால் அன்றைய அளவையும் கேட்டு வையுங்கள்.

அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு தரம் சாப்பிடட்டும். சீனிக்கு நல்லது என்று குரக்கன் புட்டில் நிறையத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுப்பீர்கள், ஆனால் நாரும் கொழுப்பும் மந்தமான இரைப்பைக்குப் பாரம். குழைந்த சாப்பாடு லேசாக இறங்கும், ஆனால் சீனியை ஏற்றும், எனவே அளவை வைத்தியரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: 46 வயது. 2009இல் வயிற்றில் ஷெல் துண்டு பட்டு ஒப்பரேசன் செய்தது, சில துண்டுகள் இன்னும் உள்ளே. வாரத்தில் ஒரு தரம்தான் மலம் போகிறது, அதுவும் முக்கி முக்கி. பேதிக் குளிசைகள் பலிக்கவில்லை. குடல் ஓட்டத்தைப் பார்க்கச் சோதனை உண்டா?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உண்டு தம்பி. முக்கித்தான் போகிறது என்பதால் வாசலில் இருந்தே தொடங்கலாம். ஆசனவாயில் மெல்லிய குழாய் வைத்து தசையின் அழுத்தத்தை அளப்பார்கள், பிறகு 50 மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பிய சின்ன பலூனை வெளியே தள்ளச் சொல்வார்கள், ஒரு நிமிடத்துக்குள் தள்ள முடிய வேண்டும். வெட்கப்பட்டுத் தட்டிக்கழிக்காதீர்கள். முக்கும்போது விரிய வேண்டிய தசை இறுகுகிறது என்று தெரிந்தால் அதற்கு மருந்தைவிடப் பயிற்சிதான் நன்றாக வேலை செய்யும், பலர் பேதிக் குளிசையிலேயே வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, 24 சின்ன வளையங்கள் உள்ள குளிகையை விழுங்கி 5ஆம் நாள் எக்ஸ்ரே எடுப்பது. ஐந்துக்கு மேல் மிச்சம் என்றால் பெருங்குடல் மந்தம். உங்கள் விஷயத்தில் ஷெல் துண்டும் அந்தப் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும், ஆகவே விழுங்குவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்தால் எது துண்டு, எது வளையம் என்று குழம்பாது. பழைய ஒப்பரேசனால் குடல் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும், எனவே அப்போது ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த டயக்னோசிஸ் காட் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் தழும்பைக் காட்டி நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள். முதுகிலும் காயம் பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வயிறு ஊதி, காற்றும் போகாமல், சத்தியும் வந்தால் இந்தச் சோதனை ஒன்றுக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.