"ஒரே தடவைதான் போட்டது!" – பழைய குழந்தைத் துணி: கேள்வி-பதில்

கேள்வி: தெரிந்தவர் ஒருவரிடம் ஆறு வயது மகளுக்குப் பட்டுப்பாவாடை சட்டை 900 ரூபாய்க்கு வாங்கினேன். "ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் போட்டது" என்றார். முதல் நாளே, குழந்தை உட்கார்ந்து எழுந்ததில் மடிப்போடு நீளக் கிழிந்துவிட்டது. தைக்க முடியாது என்கிறார் டெய்லர். – வாசகி, பாபநாசம்

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. அந்தப் பேச்சை நம்பி நானே இரண்டு பாவாடை வாங்கி ஏமாந்தாயிற்று.

"ஒரே தடவைதான் போட்டது" என்று பட்டு விற்பவர் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம் ஊரில் அந்த ஒரு தடவை எப்படி நடக்கும்? வைகாசி முகூர்த்தத்தில் வியர்க்க விறுவிறுக்கப் போட்டு, வந்ததும் அவிழ்த்து, காற்றாடக்கூட விடாமல் நாலாக மடித்து பீரோவில் திணித்துவிடுவார்கள். அக்குளிலும் இடுப்புப் பட்டியிலும் வியர்வை ஏறிய இழை நாளாக ஆக இற்றுப்போகும். மடிப்புப் பிரிக்காமல் மூன்று வருடம் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு ஒடியும். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தின மடிப்பு இன்னும் சீக்கிரம். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காத்தால் சரிகை கறுக்கும். வாராவாரம் போட்டு, துவைத்துக் காயவைத்த பருத்திப் பாவாடை எவ்வளவோ தெம்பாக இருக்கும். சுருங்க வேண்டியது சுருங்கி, சாயம் போக வேண்டியது போயிருக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை வருடமாக உள்ளே கிடந்தது? மடிப்பு மாற்றி வைத்தீர்களா?

அடுத்த முறை பாவாடையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்பு இருந்த இடத்தில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் வேண்டாம். தெரியாவிட்டாலும் கோட்டின் இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல இழுங்கள்; இழை விலகினால் வைத்துவிடுங்கள். சட்டையை உள்பக்கம் திருப்பி அக்குளைப் பாருங்கள், வெளிறிய வட்டம் இருக்கிறதா என்று. பட்டுதானா என்ற சந்தேகம் வந்தால், விற்பவரிடம் சொல்லிவிட்டு உள்தையலில் நாலு இழை உருவிக் கொளுத்துங்கள். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

பாவாடையில் டக் (வளர்ந்தால் பிரித்துவிட வசதியாக மடித்துத் தைப்பது) பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு இஞ்ச் டக்கைப் பிரித்தால் இரண்டு இஞ்ச் நீளம் கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு இஞ்ச் வளரும். அதில் பாவாடைக்கு வேண்டியது பாதிக்குச் சற்று மேல். ஒரு டக் ஒரு வருடத்துக்குத் தாராளம். ஆனால் உள்ளே இருந்த பட்டு நிறம் மங்காமல் பட்டையாகத் தெரியும், தையல் ஓட்டையும் தெரியும். விலை பேசும்போதே இதைச் சொல்லிக் குறையுங்கள்.

உங்கள் டெய்லர் சொன்னது நியாயம். பக்கத்து இழையும் இற்றிருப்பதால் ஊசி குத்தக் குத்தக் கிழியும். சரிகைக் கரை கறுக்காமல் இருந்தால் வெட்டிப் பருத்திப் பாவாடைக்கு வைக்கச் சொல்லுங்கள். விற்றவர் கடைக்காரர் அல்ல என்பதால் சட்டம் அவ்வளவாகக் கைகொடுக்காது. பாவாடையோடு அவர் வீட்டுக்கே போய்ப் பாதிப் பணமாவது கேளுங்கள். கூச்சம் அவருக்குத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: வாழைக்கறை போகுமா? – திருவையாறு

பதில்: போகாது. மஞ்சள் கறை போகும். சோப்புப் பட்டதும் சிவக்கும், பதறாதீர்கள்; ஈரத்தோடு இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டால் வெளிறிவிடும்.

கேள்வி: போனில் படம் பார்த்து, "நாலு வயது, 12 உருப்படி" என்ற மூட்டைக்கு 1,500 ரூபாய் முன்கூட்டியே அனுப்பினேன். வந்ததில் ஏழு என் பையனுக்குச் சேரவில்லை. டிரவுசரெல்லாம் இடுப்பில் நிற்கவில்லை. அளவு கேட்கத் தோன்றவில்லை. – மயிலாடுதுறை

பதில்: ஏன் தோன்றவில்லை? கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்! நாலு வயது என்பது ஒரு அளவா? பையன் மார்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் டேப் வைத்த படம் கேளுங்கள். அதை இரட்டித்தால் பையன் மார்பைவிட மூன்று இஞ்சாவது கூட இருக்க வேண்டும். டிரவுசருக்கு இடுப்பும் கவட்டிலிருந்து கால் நீளமும். எலாஸ்டிக்கை இழுத்து விடும் வீடியோ கேளுங்கள். திரும்பாமல் தொங்கினால் செத்தது. உங்களிடம் இருப்பவற்றுக்குப் புது எலாஸ்டிக் கோத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. கழுத்தில் தொங்கும் நாடாவை மட்டும் உருவி எறியுங்கள். சறுக்குமரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பழைய துணி போடலாம் என்கிறார் மாமியார். கூடாது என்கிறார் அம்மா. – மன்னார்குடி

பதில்: மாமியார் பக்கம் ஓட்டு. பழைய வேட்டித் துணியும் பாட்டி சேலைத் தூளியும் இல்லாமலா நாமெல்லாம் வளர்ந்தோம்? ஆனால் அந்துருண்டை வாசம் அடிக்கும் துணி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையில் விடும். குறை இருப்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. மணி, ஜிகினா, தளர்ந்த பொத்தான் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: சொறி, பேன் ஒட்டிக்கொள்ளாதா? – நாகப்பட்டினம்

பதில்: உடம்பை விட்டுவந்த சொறிப்பூச்சி மூன்று நாளுக்கு மேல் பிழைப்பது அரிது. பேன் இரண்டு நாள்கூடத் தாங்காது. வாங்கியதும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நாலு நாள் வைத்து, பருத்தியைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். படர்தாமரைக் கிருமி பையில் சாகாது, அதற்கும் வெந்நீர்தான். தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளி தெரிந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு கடையில் செகண்ட்ஸ் பிராக் வாங்கினேன். ஜிப் ஏறவே இல்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லைக் காட்டுகிறார்கள். – ஒரத்தநாடு

பதில்: அச்சடித்தால் சட்டமாகிவிடுமா? குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஜிப் பழுது என்று சொல்லியே விற்றிருந்தால் மட்டும் பேச்சில்லை.

கேள்வி: சிறிதாகிப்போன துணிகளை என்ன செய்வது? – திருவாரூர்

பதில்: 2004 சுனாமிக்குப் பிறகு நாகை பக்கம் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணி, எடுப்பாரின்றி ரோட்டோரம் கிடந்தது. உங்கள் பிள்ளைக்குப் போடத் தயங்குவதை யாருக்கும் கொடுக்காதீர்கள். நல்லதைத் துவைத்து, பொத்தான் தைத்து, மார்பளவை ஒரு சீட்டில் எழுதிக் குத்திக் கொடுங்கள். கிழிந்த பனியன் துணியை டூவீலர் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.