நடந்தால் மரத்துப்போகும் கால்கள்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 63. சர்க்கரை இருக்கிறது. பத்து நிமிடம் நடந்தாலே இரண்டு கால்களும் கனத்து, தொடையிலிருந்து பாதம் வரை மரத்துப்போகின்றன. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4–எல்5 மட்டத்தில் தண்டுவடக் கால்வாய் சுருங்கியிருக்கிறது, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, எலும்பு வளர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. கழுத்தைத் திருப்பினால் கடகடவென்று சத்தம் வருகிறது. ஆறு மாதமாக மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்ததாக மகன் சொல்கிறான். படுத்த படுக்கையாகிவிடுவேனா டாக்டர்?

பதில்: மாட்டீர்கள், அம்மா. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தப் பயம்தான் என்பதால் அதை முதலில் பேசிவிடுவோம்.

தண்டுவடம் முதுகின் அடிவரை இறங்கி வருவதில்லை. இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளின் மட்டத்திலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை குதிரை வால் போலத் தொங்கும் நரம்பு வேர்கள். உங்கள் சுருக்கம் இருக்கும் எல்4–எல்5 மட்டத்தில், அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில், தண்டுவடமே கிடையாது. தண்டுவடம் நசுங்கி இரண்டு கால்களும் செயலிழந்து போவதாக வீடியோவில் காட்டும் நிலைமை உங்களுடையது அல்ல. வயதால் வரும் இந்தச் சுருக்கம் வருடக்கணக்கில் மெதுவாக நகரும். பலருக்குத் தொந்தரவு அதே அளவில் நின்றுவிடும், சிலருக்குக் கொஞ்சம் குறையவும் செய்யும். திடீரென்று மோசமாவது அரிது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளும் உங்களை மிரட்டியிருக்கின்றன. முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1990-ல் வெளிவந்தது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கால்வாய் சுருங்கியிருந்தது. அவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. வைத்தியம் உங்களுக்குத்தான், படத்துக்கு இல்லை. டிஸ்க் பிதுக்கம், எலும்பு வளர்ச்சி இரண்டும் உங்கள் வயதில் சகஜம், விடுங்கள். கெண்டைக்கால் பிடிப்பு இந்தப் பிரச்சினையோடு வரக்கூடியதுதான், ஆபத்து இல்லை. கழுத்துச் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ரவிக்கைக் கொக்கி போட விரல்கள் தடுமாறினால் மட்டும் கழுத்தைக் காட்டுங்கள், கழுத்துக்குள் தண்டுவடம் ஓடுகிறது.

இந்த நோயை ஸ்கேனைவிட உங்கள் நடையே தெளிவாகச் சொல்கிறது. நெதர்லாந்து அறுவை மருத்துவர் வெர்பீஸ்ட் 1954-ல் இதைப் பற்றி எழுதியபோது எம்.ஆர்.ஐ. கிடையாது. நின்றால், நடந்தால் கால் தொந்தரவு வருகிறது, படுத்தால் போகிறது என்று நோயாளிகள் சொன்னதைத்தான் இந்த நோயின் அடையாளமாக எழுதினார். நிமிர்ந்து நிற்கும்போது கால்வாய்க்குள் இருக்கும் தசைநார் உள்பக்கமாக மடிந்து இடத்தைக் குறைக்கிறது. முன்னால் குனிந்தால் இடம் கூடுகிறது. அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்துகொண்டு இந்தச் சுருக்கம் உள்ளவர்கள் நெடுநேரம் நடப்பார்கள், கோயில் வரிசையில் கால் மணி நேரம் நிற்க முடியாது. மேடு ஏறுவது சுலபமாக இருக்கும், இறங்குவதுதான் சிரமம்.

ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். கால் கடுக்கும்போது உட்காராமல், நடப்பதை நிறுத்தி நிமிர்ந்து நின்றாலே ஓரிரு நிமிடத்தில் சரியாகிறதா? அப்படியானால் அது நரம்பாக இல்லாமல் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தச் சந்தேகத்தை ஒதுக்கவே கூடாது. இரண்டு பாதங்களிலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவில்லை, அரை நிமிட வேலை. உட்கார்ந்தாலும் போகாமல் இரவில் பாதம் எரிந்தால், அது சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். ஒருவருக்கே மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

இப்போது, உண்மையில் பயப்பட வேண்டியது. நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாதது, பெண்கள் வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லாதது. அந்த நரம்பு வேர்களில் சில சிறுநீர்ப்பைக்கும் ஆசனவாய்க்கும் போகின்றன. அவை நசுங்கினால் சிறுநீர் வரும் உணர்வே மங்கிப்போகும். அடிவயிறு நிறைந்திருக்கும், போக வேண்டும் என்று தோன்றாது. உட்கார்ந்தால் முக்கினால்தான் வரும், அல்லது தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு என்று இதைச் சமாதானம் செய்துகொள்கிறார்கள். கூடவே பிறப்புறுப்பைச் சுற்றியும் இரண்டு தொடைகளின் உள்பக்கமும் மரத்துப்போகும். கழிப்பறையில் கழுவும்போது தண்ணீர் படுவதும் கை படுவதும் எப்போதும்போல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மலம் தெரியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இரவு இரண்டு மணி என்றாலும் சரி. ஓ.பி.யில் டோக்கன் வாங்கிக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போய் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வலி அதிகமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதம் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலும் ஓரிரு நாளில் காட்டிவிட வேண்டும்.

இது எதுவும் இல்லையென்றால் ஆபரேஷனுக்கு அவசரமே இல்லை. மகனிடம் சொல்லுங்கள், அந்த வீடியோவைப் போட்டவர் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். டயக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை ஆறு மாதம் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். சர்க்கரையால் ஏற்கெனவே சிரமப்படும் சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். சுருங்கிய கால்வாயை ஒரு நூல்கூட விரிக்காது. இந்த வாரமே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நரம்பு மாத்திரை என்று ப்ரீகேபலினைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடையை விட்டுவிடாதீர்கள். கால் கனக்கும் முன்பே உட்கார்ந்து, ஆறிய பிறகு மறுபடி நடங்கள். வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் முன்னால் சாய்ந்து மிதிக்கலாம். முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் வீட்டு வேலைக்கே கால் வரவில்லை என்றால் அப்போது முதுகெலும்பு அறுவை மருத்துவரைப் பாருங்கள். பின்பக்க எலும்பில் கொஞ்சம் எடுத்து நரம்புக்கு இடம் விடும் ஆபரேஷன் அது, நடக்கும் தூரத்தைப் பெரும்பாலானோருக்குக் கூட்டித் தருகிறது. ஸ்க்ரூ, ராடு எல்லாருக்கும் தேவைப்படாது. உங்களுக்கு ஏன் தேவை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.