ஏழு பேர் போதும்

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் சாரணர் பொறுப்பும் என்னிடம். சனிக்கிழமைதோறும் கூட்டம் நடத்துகிறேன். ஆறாம் வகுப்பில் 32 பையன்கள் சேர்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது ஏழு பேர்தான் மிச்சம். கேட்டால் ‘போர் அடிக்குது சார்’ என்கிறார்கள். செல்போனோடு போட்டிபோட முடியவில்லை. ட்ரோன், கோடிங் போன்றவற்றுக்கு பேட்ஜ் வைத்து, சீருடையை மாற்றி, முன்னேற்றத்தைக் காட்ட ஒரு செயலியும் வந்தால் நிற்பார்களா? சாரணர் இயக்கத்தைக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி? முகாம்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று வருடம் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயமில்லை. உங்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த உரிமையில்தான் கொஞ்சம் திட்டப்போகிறேன்.

முதலில் சில்லறைகளை முடித்துவிடுவோம். சீருடையை மாற்றுவது புதிதே அல்ல. வெள்ளைக்காரன் நடத்திய சாரணர் படைகளில் இந்தியப் பையன்களுக்கு இடமில்லை என்று 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனிச் சங்கம் தொடங்கினார். அதன் பையன்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டார்கள். அங்கே பிரச்சினை துணியில் இல்லை, யாரைச் சேர்ப்பது என்பதில் இருந்தது. செயலிக்குப் பதில் நாற்பது பக்க நோட்டு போதும். ட்ரோனை ஒருவன் பறக்கவிடுவான், 31 பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். அதுவும் போர் அடிக்கும்.

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்கு முக்கியம். உங்கள் சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று ஒரு வரிகூட இல்லையே! நானே ஊகிக்கிறேன். கொடி ஏற்றுவீர்கள். ‘தயா கர் தான் பக்தி கா’ என்ற பிரார்த்தனையைப் பாடுவீர்கள். அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ். பிறகு நீங்கள் முன்னால் நின்று கயிற்றில் ரீஃப் நாட் என்ற முடிச்சைப் போட்டுக் காட்டுவீர்கள். தெரிந்தவன் அரை நிமிடத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். தெரியாதவன் கடைசிவரை தெரியாமலே நிற்பான். ஆகஸ்ட் 15-க்கு அணிவகுப்பு; யாராவது பெரிய மனிதர் வந்தால் கூட்டத்தை ஒதுக்க ஆள். இதுதான் மூன்று வருடமும் என்றால், போனவர்கள் புத்திசாலிகள்.

காலத்துக்கு ஏற்ற மாற்றம் என்கிறீர்களே, அதை அமெரிக்கா ஒருமுறை செய்து பார்த்தது. 1972-இல் அங்கே திட்டத்தையே திருத்தி எழுதினார்கள். நகரத்துப் பையனுக்குக் காடும் கூடாரமும் எதற்கு என்ற நியாயம். ஒருமுறைகூட முகாமிடாமல், நெருப்பு மூட்டிச் சமைக்காமல், மிக உயர்ந்த ஈகிள் நிலை வரை போக வழி வைத்தார்கள். அந்தப் பத்தாண்டில் உறுப்பினர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. நாட்டில் குழந்தைகளே குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் இருந்தவர்களும் நிற்கவில்லை. கடைசியில், ஓய்வுபெற்றுப் போயிருந்த வில்லியம் ஹில்கோர்ட் என்ற மூத்த சாரணர் திரும்ப வந்து கையேட்டை எழுதித் தந்தார். 1979-இல் வந்த அந்தப் பதிப்பில் காடு, கூடாரம், அடுப்பு எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன.

அந்த ஹில்கோர்ட் வாழ்நாள் முழுக்க அடித்துச் சொன்னது, பையன்களை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணியாகப் பிரித்து, பொறுப்பை அவர்களில் ஒருவனிடமே கொடுக்க வேண்டும் என்பதை. இது சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் வழி. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் அவர் நடத்திய சோதனை முகாமில் நான்கு அணிகள். ஒவ்வோர் இரவும் ஓர் அணியின் முறை. மாவு, பச்சை இறைச்சி, உருளைக்கிழங்கு, தேயிலை, கம்பளி, சமைக்கும் பாத்திரம், தீப்பெட்டி ஆகியவற்றோடு தீவின் ஒரு மூலைக்குப் போய், தாங்களே சமைத்துத் தின்றுவிட்டு, காவல் போட்டுத் தூங்க வேண்டும். நூறு வருடம் தாண்டியும் உங்கள் பள்ளிக்கு இது வந்து சேரவில்லை. நீங்கள் இதைப் பழையது என்கிறீர்கள். நடத்தியே பார்க்காததை எப்படிப் பழையது என்பது?

ஏழு பேர் மிச்சம் என்று வருத்தப்படுகிறீர்கள். ஏழு பேர் என்பது ஓர் அணி ஐயா! இந்த வருடம் புதிதாக ஒருவனையும் சேர்க்காதீர்கள். இந்த ஏழு பேரை நாள் முழுக்க வெளியே கூட்டிப்போங்கள். வெண்பொங்கல் சமைக்கச் சொல்லுங்கள்.

ஏழு பேருக்குப் பச்சரிசி 700 கிராம், பாசிப்பருப்பு 250 கிராம், தண்ணீர் 5 லிட்டர். பாத்திரம் 8 லிட்டருக்குக் குறையக் கூடாது; பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்துவிடும். பாத்திரத்தின் வெளிப்புறம் முழுக்க மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கரி அதில் பிடித்துக்கொள்ளும், கழுவும்போது மண்ணோடு போய்விடும். மூன்று கல் அடுப்பு; வாய் காற்று வரும் பக்கம். முதலில் பென்சில் கனத்துக் குச்சி, அது பிடித்தபின் கட்டைவிரல் கனம், அதற்குப் பிறகுதான் விறகு. எல்லாப் பையன்களும் எடுத்த எடுப்பில் பெரிய கட்டையை வைத்துவிட்டு அரைமணி நேரம் ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதட்டும். நீங்கள் குனியாதீர்கள். அடுத்த தப்பு அடிப்பிடிப்பது: பருப்பு கீழே தங்கிவிடும். கொதி வந்ததும் இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டு, அடி வரை கரண்டி போட்டுக் கிண்ட வேண்டும். மூன்றாவது தப்பு உப்பு. இரண்டு பேர் போட்டுவிடுவார்கள், அல்லது அவன் போட்டிருப்பான் என்று ஒருவரும் போட மாட்டார்கள். உப்பு யார் கையில் என்று காலையிலேயே அவர்கள் தீர்மானிக்கவில்லையானால், மத்தியானம் உப்புக் கரிக்கும் பொங்கலைத் தின்ன வேண்டியதுதான். வேலையைப் பிரித்துக்கொள்வது பற்றி நீங்கள் வகுப்பெடுக்க வேண்டியிருக்காது.

சாமானையும் நீங்கள் வாங்கக் கூடாது. காசு அவர்கள் வசூலிக்கட்டும், கடைக்கு அவர்கள் போகட்டும், கணக்கை ஒருவன் எழுதட்டும். பெற்றோர் கையெழுத்து, தலைமையாசிரியர் அனுமதி, முதலுதவிப் பெட்டி, அடுப்புப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்: இவை உங்கள் பொறுப்பு. குளமோ வாய்க்காலோ பக்கத்தில் இருந்தால் அந்த இடமே வேண்டாம். இன்னொரு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்காருங்கள். வாயைத் திறக்காமல் இருப்பது வாத்தியார்களுக்குக் கஷ்டம். ஒரு புத்தகம் எடுத்துப் போங்கள்.

கயிற்றுக் கட்டுகளையும் தேவை வரும்போது கற்றுக்கொடுங்கள். கை கழுவும் பேசினை வைக்க, மணிக்கட்டுக் கனத்தில் மூன்று சவுக்குக் கம்புகளை முக்காலியாகக் கட்ட வேண்டுமா? கயிறு தென்னங்கயிறாக இருக்கட்டும், நைலான் வழுக்கும். சுற்றுகளை இறுக்கிவிட்டால் கால் விரியாது. கொஞ்சம் தளர்வாகச் சுற்றினால், விரிக்கும்போது தானே இறுகும். இதைப் புதன்கிழமை சாயங்காலம் அணித் தலைவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள். சனிக்கிழமை அவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அரைகுறையாகத்தான் சொல்வான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறேழு முறை இப்படிப் போய்வந்த பிறகு, அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போங்கள். ஏழில் ஒருவன் படை முழுவதற்கும் தலைவன். மற்ற ஆறு பேர் அணிக்கு இருவராக மூன்று அணி: ஒருவன் தலைவன், ஒருவன் துணை. அணிக்கு ஆறு புதியவர்கள், ஆக 18 பேர். கணக்கு வாத்தியாருக்கு இதை விளக்க வேண்டாம். 19-ஆவதாக வருபவனைக் காத்திருக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று மேலே இருந்து கேட்பார்கள், கேட்கட்டும்.

தலைவனை நீங்கள் நியமிக்க வேண்டாம், முக்கியமாக முதல் ரேங்க் பையனை. அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலும் உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருபவனைத்தான் காட்டுவார்கள். மறுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்தல் வையுங்கள்.