அந்த ஆர்-6ஐ வாங்காதீர்கள் தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிட்டே பதிலுக்கு வருகிறேன், பின்னால் வாசிக்கிறவர்களுக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து கனடா வந்து எட்டு மாதம். ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறை, வெயார்ஹவுஸ் வேலை, கையில் 7,000 டொலர். ஊரில் ஆறு வருடம் பல்சர் 150 ஓடியவர். கூட வேலை செய்கிற ஒருவர் தன் பழைய யமஹா ஆர்-6 ஸ்போர்ட் பைக்கை 6,000க்குத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் மண் பாதையில் ஓடுகிற டேர்ட் பைக் எடு, கனடாவில் அதுதான் சுகம் என்கிறார். மச்சான் ஒருவர், காடு மேட்டில் ஓடுகிற நாலு சில்லு ஏ.ரி.வி.தான் பாதுகாப்பு என்கிறார். எதை எடுக்கலாம்?

அந்த ஆர்-6 வேண்டாம். ஏ.ரி.வி.யும் உங்களுக்கு இப்போது வேண்டாம். வீதியிலும் மண் பாதையிலும் ஓடுகிற டுவல் ஸ்போர்ட் பைக், பாவித்தது ஒன்றைப் பாருங்கள், அதுவும் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு. ஏன் என்று ஆறுதலாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஓடத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் ஊரில் ஹொண்டா எம்.டி. 90 பைக் ஓடி வளர்ந்தவன்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நேரம் பெற்றோல் கிடையாது. கார்புரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு மிதித்து எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். வெள்ளைப் புகை பின்னால் வரும். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவோம். அந்தக் கை இங்கேயும் உதவும். ஆனால் அந்தக் கைக்குப் பழகிய வீதி வேறு. ஊரில் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். நேராகப் போகும்போது பிழை வராது. பெற்றோல் ஸ்ரேசனிலிருந்து விடியற்காலையில், வீதியில் ஒரு வாகனமும் இல்லாத நேரத்தில் வெளியே வருகிறபோதுதான் கை தானாக இடப்பக்கம் திருப்பும். எனக்கு முதல் வருடத்தில் இரண்டு தரம் அப்படி நடந்தது. காரில் நடந்ததால் தப்பினேன்.

சரி, ஆர்-6. 599 சி.சி., ஏறக்குறைய 120 குதிரைவலு. உங்கள் பல்சர் 150க்குப் பதினைந்து அளவில்தான் இருந்திருக்கும். எட்டு மடங்கு. அழகான எஞ்சின், மறுக்கவில்லை. நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் அது எழுப்புகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஏன் ஆசை வருகிறது என்று தெரியும். ஆனால் அது பந்தயத் தடத்துக்காக உருவான வண்டி. முதல் கியரை மாற்றாமலே மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும். 60 எல்லை போட்ட ஸ்காபரோ வீதியில் 100 என்றால் எல்லைக்கு மேல் 40. ஒன்ராறியோவில் 2021இல் சட்டத்தை இறுக்கினார்கள். 80க்குக் குறைந்த எல்லையுள்ள வீதியில் 40 கூடினாலே அது ஸ்ரண்ட் டிரைவிங், அதாவது சாகச ஓட்டம் என்ற குற்றம். பொலிஸ் வீதியோரத்திலேயே லைசென்ஸை 30 நாளுக்கு நிறுத்தி, வண்டியை 14 நாளுக்கு இழுத்துக்கொண்டு போகும். நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் 2,000 முதல் 10,000 டொலர் வரை அபராதம், முதல் தடவைக்கே ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை லைசென்ஸ் இல்லை. முன் சில்லைத் தூக்கினாலும் இதே சட்டம்தான். அதாவது, இரண்டாவது கியருக்கே போகாமல் இவ்வளவும் நடக்கலாம். லைசென்ஸ் போனால் வேலைக்கு எப்படிப் போவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிட முதலில் உங்களை மறிக்கப்போவது இன்சூரன்ஸ். 600 சி.சி. சூப்பர்ஸ்போர்ட் என்றவுடனேயே சில கம்பனிகள் எடுக்கமாட்டார்கள். எடுப்பவர்கள் சொல்லும் விலை தலை சுற்ற வைக்கும், அதுவும் இளம் வயது, கனடா அனுபவம் இல்லை என்றால். நான் என் மகனுக்காக ஒருமுறை இப்படி ஒரு பைக்குக்கு விசாரித்தேன். ஒரு வருட இன்சூரன்ஸ் பைக்கின் விலையில் பாதியைத் தாண்டியது. ஆகவே எந்த பைக்காக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என். இலக்கத்தை வாங்கி இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வாங்கிவிட்டுக் கேட்டால் அந்த பைக் கராஜில் தூசி பிடித்தபடி நிற்கும்.

ஸ்போர்ட் பைக்தான் மனம் கேட்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. கவாசாகி நிஞ்சா 400, யமஹா ஆர்-3, ஹொண்டா சி.பி.ஆர். 500ஆர். நிஞ்சா 400 2018இல் வந்தது, 399 சி.சி., 170 கிலோவுக்குள். பல்சர் ஓடியவருக்கு இது ஒரு கிழமையில் கைக்கு வந்துவிடும், 401 பெருந்தெருவிலும் தயங்காமல் ஓடும். இன்சூரன்ஸும் ஆர்-6 அளவுக்குப் போகாது. குறை என்றால் குனிந்து இருக்கும் இருக்கை. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மணிக்கட்டு நோகும். நம் குழி விழுந்த வீதிகளில் ஒவ்வொரு குழியும் முதுகுக்கு வரும். சித்திரை மாதத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: பனிக்காலத்தில் போட்ட மணலும் கல்லும் திருப்பங்களில் அப்படியே கிடக்கும், ரயரும் குளிரில் பிடிக்காது. ஸ்போர்ட் பைக்கில் விழுகிறவர்கள் பலர் அந்த முதல் மூன்று கிழமைக்குள்தான் விழுகிறார்கள் என்பது நான் கண்டது.

ஏ.ரி.வி. பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு அடிக்கும்.

2014 புரட்டாதியில் நண்பர் ஒருவருக்கு பான்கிராஃப்ட் பக்கம் இருந்த காணிக்குப் போயிருந்தோம். ஒருவர் மட்டும் இருக்கிற வண்டி. பின்னால் சாமான் கட்டுகிற கம்பியில் என் மைத்துனர் ஏறிக்கொண்டார். நான் ஓடினேன். ஈரப் புல் மூடிய ஒரு ஏற்றம், பெரிய உயரமும் இல்லை. பாதியில் முன் சில்லுகள் லேசானதை ஹாண்டிலில் உணர்ந்தேன். பெருவிரலால் அமத்துகிற திரொட்டில், பயத்தில் கை இறுக இறுக இன்னும் கூடியது. மைத்துனர் பாய்ந்துவிட்டார். வண்டி பின்பக்கமாகப் பிரண்டு, ஹாண்டில் என் இடது தொடையில் வந்து நின்றது. எஞ்சின் நிற்கவில்லை, சில்லுகள் என் முகத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. 300 கிலோ வண்டி. நாலு பேர் தூக்கினார்கள். தொடை எலும்பு தப்பியது, காறை எலும்பு உடைந்தது. ஆறு கிழமை வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு எனக்கு வரவில்லை, ஆனால் அந்த ஆறு கிழமைச் சம்பளத்தை யாரும் தரவில்லை. ஏஜென்சி மூலம் வெயார்ஹவுஸ் வேலை செய்கிற உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாலு சில்லு இருந்தால் விழாது என்று உங்கள் மச்சான் நினைப்பது இயல்புதான். பைக் சரிந்து திரும்பும், விழுந்தாலும் பெரும்பாலும் உங்களை விட்டுவிட்டுத் தனியே போகும். ஏ.ரி.வி. சரியாது, பிரளும். பிரண்டால் மேலே வந்து விழும். உங்கள் உடம்பை ஏற்றத்தில் முன்னுக்கும், சரிவில் மேல்பக்கத்துக்கும் நகர்த்திக்கொண்டே ஓட வேண்டும். பின்னால் ஒருவர் ஏறினால் அந்தக் கணக்கெல்லாம் கெட்டுவிடும். இரண்டு பேருக்கென்று நீளமாகச் செய்த மாதிரிகள் தனியாக உண்டு. மற்றதில் ஒருபோதும் ஆள் ஏற்றாதீர்கள். யாராவது பழைய மூன்று சில்லு வண்டியை மலிவாகத் தந்தால் தொடவே வேண்டாம். பிரளுகிறது என்பதால்தான் அமெரிக்காவில் 1988இல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி கம்பனிகள் அதை விற்பதை நிறுத்தின.

இவ்வளவும் சொன்னாலும் அது கெட்ட வண்டி இல்லை. காணி உள்ளவனுக்கு அதைப்போல உதவி வேறில்லை. விறகு இழுக்கும், பனி தள்ளும், உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகும். ஹொண்டா ராஞ்சர் 420 போன்ற ஒன்று ஒயில் மாற்றினால் போதும், வருடக்கணக்கில் நிற்கும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570, கியூபெக் கம்பனியின் கான்-ஆம் அவுட்லாண்டர் எல்லாம் ஓட இன்னும் சொகுசு. ஆனால் உங்களிடம் காணி இல்லை, ட்றெயிலர் இல்லை, பிக்கப் இல்லை. ரொறன்ரோ வீதியில் இறக்கவும் முடியாது. வடக்கே சில ஊர்கள் அனுமதிக்கின்றன, அங்கும் 50 எல்லை வீதியில் நீங்கள் 20க்கு மேல் போகக்கூடாது. பேஸ்மென்ற் அறைக்காரன் ஏ.ரி.வி. வாங்கினால் அதை நிறுத்தவே மாதா மாதம் காசு கட்டுவான்.

டேர்ட் பைக்கில் மூன்று சாதி உண்டு, இதை விற்கிறவர்கள் விளக்கமாட்டார்கள். வை.இசட். 250எஃப், சி.ஆர்.எஃப். 250ஆர் போன்றவை மோட்டோகுரோஸ் பந்தய வண்டிகள். லைற் இல்லை. பராமரிப்பை கிலோமீற்றரில் பார்ப்பதில்லை, எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தில் பார்ப்பார்கள், பிஸ்ரனையே அப்படித்தான் மாற்றுவார்கள். பாவித்ததை வாங்கினால் மற்றவன் ஓடித் தீர்த்த மணித்தியாலத்துக்கு நீங்கள் செலவு செய்வீர்கள். அடுத்தது காட்டுப் பாதைக்கான ரி.ரி.-ஆர். 230, சி.ஆர்.எஃப். 250எஃப். காற்றில் குளிரும் எளிய எஞ்சின், பட்டனில் ஸ்ரார்ட், பழகுவதற்குத் தங்கமான வண்டிகள். ஆனால் இவற்றையும் ரொறன்ரோ வீதியில் ஓட முடியாது. காட்டுப் பாதையில் ஓடவும் பிளேற்றும் இன்சூரன்ஸும் வேண்டும். சொந்தக் காணிக்குள் ஓடினால் விலக்கு உண்டு. ஏற்றிக்கொண்டு போகவும் வாகனம் வேண்டும்.

மூன்றாவதுதான் உங்களுக்கு நான் சொல்லும் டுவல் ஸ்போர்ட். ஹொண்டா சி.ஆர்.எஃப். 300எல்: 286 சி.சி., 142 கிலோ. கவாசாகி கே.எல்.எக்ஸ். 300, யமஹா எக்ஸ்.ரி. 250 எல்லாம் இதே வகை. லைற், சிக்னல், பிளேற் எல்லாம் உண்டு. கிழமை நாளில் வேலைக்கு ஓடலாம். ஞாயிற்றுக்கிழமை அதே பைக்கில் போர்ட் ஹோப் பக்கம் கனரஸ்கா காட்டுக்குப் போகலாம். 11,000 ஏக்கருக்கு மேல், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மோட்டார் வண்டிக்கு விட்ட பாதைகளில் ஓடலாம். பைன் மரங்களுக்கு நடுவே மணல் பாதையில், நின்றபடி, 30 வேகத்தில் போகும்போது வருகிற சந்தோசம் ஆர்-6 இல் 401இல் வராது. அதோடு மணலில் பின் சில்லு வழுக்கும்போது பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டால், சித்திரையில் வீதி மணலிலும் அது உங்களைக் காப்பாற்றும்.

குறைகளும் உண்டு. சி.ஆர்.எஃப். இருக்கை 88 சென்ரிமீற்றர் உயரம், குள்ளமானவர்களுக்குக் கால் எட்டாது. அப்படியென்றால் 83 சென்ரிமீற்றர் உள்ள எக்ஸ்.ரி. 250ஐப் பாருங்கள். பெற்றோல் ராங்க் 7.8 லீற்றர்தான். 401இல் 110 போனால் காற்று நெஞ்சில் அடிக்கும், பெரிய லொறி கடக்கும்போது ஆடும். ஆகவே கனரஸ்காவுக்குப் போகிறபோது பழைய 2ஆம் நெடுஞ்சாலையால் போங்கள், ஏரி பக்கம், வழியும் வடிவு.

அப்புறம் லைசென்ஸ். இலங்கை லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். பைக் லைசென்ஸுக்கு மூன்று படி: எம்-1 எழுத்துப் பரீட்சை, பிறகு எம்-2, கடைசியில் முழு லைசென்ஸான எம். எம்-1 இருக்கும்போது பகலில் மட்டும், ஆள் ஏற்றாமல், 401, 404 போன்ற பெருந்தெரு தொடாமல் ஓட வேண்டும். அது 90 நாள்தான் செல்லும். நம் ஆட்கள் பலர் மார்கழியில் அவசரப்பட்டு எம்-1 எழுதிவிடுகிறார்கள், பனி கரையும் முன்பே அது முடிந்துவிடும். பங்குனி கடைசியில் எழுதுங்கள். அரசு அங்கீகரித்த பயிற்சி வகுப்பை சனி ஞாயிறில் நடத்துவார்கள், பைக்கும் அவர்களே தருவார்கள், எம்-2 காலமும் 22 மாதத்திலிருந்து 18 ஆகக் குறையும். ஆறு வருடம் ஓடியவனுக்கு வகுப்பு எதற்கு என்று நினைக்காதீர்கள். எதிரே வருகிற கார் உங்களுக்கு முன்னால் இடது பக்கம் திரும்பும், உங்களைக் காணாமல். அதற்குத் தயாராக இருக்க எனக்கு அங்கேதான் பழக்கினார்கள்.

வாங்குகிற நேரம் ஐப்பசி, கார்த்திகை. பனிக்காலம் நிறுத்த இடம் இல்லாதவர்கள் அப்போதுதான் விலை இறக்குவார்கள். விற்பவரிடம் பாவித்த வண்டியின் விவரம் உள்ள யு.வி.ஐ.பி. பத்திரம் கேளுங்கள், சட்டப்படி அவர்தான் தர வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால் அதில் தெரியும். வண்டி ஓடத் தகுதியானது என்கிற சேஃப்ரி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். பதிவு செய்யும்போது 13 வீத வரி கட்ட வேண்டும் என்பதையும் 7,000க்குள் கணக்கு வையுங்கள். ஹெல்மெட், ஜாக்கெற், கையுறை, சப்பாத்துக்கு ஆயிரம் டொலர் தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தொடாதீர்கள். பனிக்காலத்துக்கு நிறுத்தும்போது ராங்க்கை நிரப்பி, பெற்றோல் கெடாமல் இருக்க ஸ்ரபிலைசர் விடுங்கள், பற்றரியைக் கழற்றி அறைக்குள் வையுங்கள்.

ஆர்-6 காரரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட்டால் மனம் மாறும். டுவல் ஸ்போர்ட் ஒன்று பார்க்கப் போகிற நாளில் எனக்குச் சொல்லுங்கள். என்னிடம் பிக்கப் இருக்கிறது, செயினும் சில்லின் பெயாரிங்கும் பார்க்க நானும் வருகிறேன்.